கடலூர், புதுச்சேரி பாக்ஸிங் மாஸ்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

மரியாதைக்குரிய மாஸ்டர்களுக்கு வணக்கம்.

நான் கையுறை மாட்டியவன் கிடையாது. மஞ்சக்குப்பத்துக்காரன், வெறும் ரசிகன். என் அக்கா பேரன் உங்களில் ஒருவரிடம் பயிற்சி எடுக்கிறான். ஆறடி ஒரு அங்குலம், 93 கிலோ. விடிகாலையில் சில்வர் பீச் மணலில் ஓடிவிட்டு வந்து போன வாரம் என்னிடம் சொன்னான்: "அலி, ஃப்ரேசியர் எல்லாம் இப்ப இருந்தா ரெண்டு ரவுண்டு தாங்க மாட்டாங்க தாத்தா. சின்ன ஆளுங்க. நான் 105 கிலோவாவது ஏறணும்னு மாஸ்டர் சொல்றார்." அலியும் ஃப்ரேசியரும் 1960, 70களின் ஹெவிவெயிட் (எடையில் உச்சப் பிரிவு) சாம்பியன்கள். புதுச்சேரிப் பக்கம் பயிற்சி எடுக்கும் அவன் நண்பர்களுக்கும் இதே அறிவுரைதானாம். அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. 49 சண்டையிலும் தோற்காமல் ஓய்வு பெற்ற ராக்கி மார்சியானோவின் எடை ஏறக்குறைய 85 கிலோ. இன்று 90.7 கிலோ வரை குரூஸர்வெயிட் (ஹெவிவெயிட்டுக்கு ஒரு படி கீழே உள்ள பிரிவு) என்பதால் அவர் ஹெவிவெயிட் பட்டியலிலேயே வர மாட்டார். 206 செ.மீ. உயரமுள்ள இந்தக் காலத்து டைசன் ஃபியூரி முன்னால் அவரை நிறுத்த எனக்கும் மனசு வராது. அந்த உடம்பை வைத்துக்கொண்டு ஃபியூரி நகர்வது போல அந்தக் காலத்துப் பெரிய ஆட்கள் யாரும் நகர்ந்ததில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மலை மாதிரி ஆட்கள் நேற்று முளைத்தவர்கள் இல்லையே. 1919இல் சாம்பியன் ஜெஸ் வில்லார்ட் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் உயரம், 110 கிலோவுக்கு மேல். எதிரே நின்ற ஜாக் டெம்ப்ஸி 85 கிலோ. முதல் ரவுண்டிலேயே வில்லார்ட் ஏழு தடவை கீழே விழுந்தார், நான்காவது ரவுண்டுக்கு எழுந்து வரவே இல்லை. 2009இல் ஏழடி சாம்பியன் வாலுயேவை 100 கிலோவைக்கூட எட்டாத டேவிட் ஹே ஓடி ஓடியே பாயின்ட்டில் ஜெயித்தார். பார்க்கச் சலிப்பான சண்டைதான், ஆனாலும் பெல்ட் கை மாறியது.

இன்றைய கணக்குக்கு வருவோம். 1974இல் கின்ஷாசாவில் ஃபோர்மனைச் சாய்த்தபோது அலிக்கு 191 செ.மீ. உயரம், 98 கிலோ எடை. 2024 மே மாதம் ரியாத்தில் ஃபியூரியை வென்று, லெனாக்ஸ் லூயிஸுக்குப் பிறகு எல்லாப் பட்டங்களையும் ஒன்றாகச் சேர்த்த ஒலெக்சாண்டர் உசிக்குக்கும் 191 செ.மீ. தான், எடை 101 கிலோ. ஃபியூரி அன்று 119 கிலோ. டிசம்பரில் மறுபடியும் மோதினார்கள், மறுபடியும் உசிக். அதற்கு முன் ஆந்தனி ஜோஷுவாவை இரண்டு முறை பாயின்ட்டில் வென்றிருந்தார், அப்புறம் 2025இல் வெம்பிளியில் டுபுவாவை ஐந்தாவது ரவுண்டில் நாக் அவுட். இந்தத் தலைமுறைப் பெரிய உடம்புகளை வரிசையாக வென்றவர் அலியின் அளவுக்காரர். அப்படியிருக்க அலியைச் சின்ன ஆள் என்று எப்படித் தள்ளுகிறீர்கள்?

உசிக் இடதுகைக்காரர். வலது காலை எதிராளியின் இடது காலுக்கு வெளியே வைத்துக்கொண்டு, ஜாபை (முன்னால் இருக்கும் கையால் போடும் நேர்க்குத்து) முகத்துக்கும் நெஞ்சுக்கும் வயிற்றுக்குமாக மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருப்பார். ஒவ்வொன்றும் பெரிய அடியாக இருக்காது. உயரமான ஆள் அதற்குப் பதில் சொல்லவே ஒவ்வொரு முறையும் திரும்ப வேண்டும், குனிய வேண்டும். எட்டு, ஒன்பதாவது ரவுண்டில் 119 கிலோவும் அவருக்கே சுமையாகிவிடுகிறது. முதல் சண்டையின் ஒன்பதாவது ரவுண்டில் ஃபியூரி கயிற்றில் சாய்ந்து நடுவரிடம் எண்ணிக்கை வாங்கியதை வீடியோவில் போட்டுப் பாருங்கள்.

இரண்டு காலத்தையும் ஒரே ஆளை வைத்து அளக்க வேண்டுமானால் ஜார்ஜ் ஃபோர்மன் இருக்கிறார். 1973இல் ஃப்ரேசியரை ஆறு தடவை விழவைத்துப் பட்டம் வாங்கியவர், மறு வருஷமே அலியிடம் இழந்தார். இருபது வருஷம் கழித்து, 1994இல், 45 வயதில், அடுத்த தலைமுறை சாம்பியன் மைக்கேல் மூரரைப் பத்தாவது ரவுண்டில் படுக்கவைத்தார். எடை கூடியிருந்தது, வேகம் பாதிகூட இல்லை, அதுவரை பாயின்ட்டில் பின்தங்கித்தான் இருந்தார். 70களில் படித்த பாடமும் அந்த வலது கையும் மட்டும் அப்படியே இருந்தன.

இன்னொன்று, பழக்கம். ஜோ லூயிஸ் 1941இல் மட்டும் ஏழு தடவை பட்டத்தைக் காப்பாற்றினார், அலி 1966இல் ஐந்து தடவை. அன்று பட்டச் சண்டைக்கு 15 ரவுண்டு. 1982இல் கொரிய வீரர் கிம் அடிபட்டு இறந்த பிறகுதான் அது 12 ஆனது, ஆனதும் நியாயம்தான். இன்றைய சாம்பியன்கள் வருஷத்துக்கு ஒன்று இரண்டு சண்டையோடு சரி. அதனால் இன்றைய ஆட்களில் பலர் உடம்பில் பெரியவர்கள், ரிங் அனுபவத்தில் இளையவர்கள் என்பது என் கட்சி. (என் மைத்துனர் 1980இல் சென்னை நேரு விளையாட்டரங்கில் அலியின் காட்சிப் போட்டியை நேரில் பார்த்தவர். "தொப்பை போட்டுட்டார்யா" என்பதுதான் இன்றுவரை அவருடைய ஒரே விமரிசனம். அவரோடு வாதாடிப் பயனில்லை.)

உங்கள் சங்கடமும் புரிகிறது. அமெச்சூரில் 90 கிலோவுக்கு மேலே எல்லோருக்கும் ஒரே பிரிவு. 93 கிலோ பையனுக்கு எதிரே 120 கிலோ ஆள் வந்து நிற்கலாம். அதற்காக அவசர அவசரமாகப் பவுடர் டப்பாவும் பரோட்டாவுமாக 12 கிலோ ஏற்றினால் அவனிடம் இப்போது இருக்கும் கால் வேகமும் போய்விடும். மூன்று கிலோ குறைத்து 90இல் இறக்கிப் பார்க்கலாமே. வேண்டாம் என்றால் 93லேயே இருக்கட்டும். 70, 80களின் சாம்பியன் லாரி ஹோம்ஸின் ஜாபையும் உசிக்கின் காலடியையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டி, பேட் (குத்து வாங்க நீங்கள் கையில் மாட்டும் மெத்தை) பிடிக்கும்போது அதையே செய்யச் சொல்லுங்கள். தினமும் எடைக்கருவியில் ஏற்றுவதை மாதத்துக்கு ஒரு தடவை ஆக்குங்கள். அடுத்த மாவட்டப் போட்டி வரைக்கும் இப்படி விட்டுப் பார்த்துவிட்டு, அப்புறமும் 105தான் சரி என்று தோன்றினால் வீட்டுக்கு வந்து சொல்லுங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பத்து ரசிகன்