பனிக்கரடியை விடுங்கள், எங்கள் ஆட்களைப் பேச விடுங்கள்

நோர்வேயின் தமிழ்ச் சங்க, தமிழ்ப் பள்ளி நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

போன மாரியில், காலநிலை மாற்றம் பற்றி எங்கள் ஆட்கள் வைத்த கூட்டமொன்றில் இருந்தேன். திரையில் உருகும் பனிப்பாறை, எலும்பும் தோலுமாய் ஒரு பனிக்கரடி, எரியும் காடு. அரை மணித்தியாலத்துக்குள் பாதிப்பேர் கைபேசிக்குள் போய்விட்டார்கள். கடைசியில் ஒரு அம்மா எழும்பி, "சரி தம்பி, இதுக்கு நாங்கள் என்ன செய்யிறது?" என்று கேட்டார். நேரமில்லை என்று கூட்டத்தை முடித்துவிட்டார்கள். அவர் முகம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அந்த அம்மாவுக்கு அக்கறை இருந்தது. எங்கள் பேச்சில்தான் பிழை. இதைத்தான் பேர் எஸ்பென் ஸ்டோக்னெஸ் பல வருடமாகச் சொல்கிறார். அவர் இந்த நாட்டு உளவியலாளர். பசுமைக் கட்சியின் பதில் உறுப்பினராக நாடாளுமன்றத்திலும் இருந்தவர். ஆபத்தைத் தூரத்தில் காட்டினால் மனம் அதைத் தூரத்திலேயே வைத்துவிடும். அழிவையே காட்டிக்கொண்டிருந்தால் கதவைப் பூட்டிக்கொள்ளும் என்பது 2015இல் அவர் எழுதிய நூலின் அடிப்படை. அறிவதும் வாழ்வதும் முரண்படும்போது, மாற்றிக்கொள்ளச் சுலபமானது வாழ்க்கையல்ல, எண்ணம்தான் என்றும் விளக்குகிறார்.

அந்த முரண் எங்கள் வீட்டிலும் உண்டு. பிள்ளைகளின் பள்ளிக்கும் எங்கள் ஓய்வூதியத்துக்கும் பின்னால் எண்ணெய்க் காசு நிற்கிறது. இந்த நாடு விற்கும் எண்ணெயும் வாயுவும் வெளியில் எரிந்து விடும் புகை, நாட்டுக்குள் வரும் புகையைப்போலப் பல மடங்கு. இதைச் சபையில் வாய்விட்டுச் சொல்ல எங்களுக்குக் கூச்சம். 2000-2001 மாரியில் காரி நோர்கார்ட் என்ற சமூகவியலாளர் இங்கே ஒரு சிற்றூரில் தங்கி ஆராய்ந்தார். அந்த வருடம் பனி பிந்தியது, ஏரி ஒழுங்காக உறையவில்லை. ஊருக்குக் காரணம் தெரியும், ஆனால் அதைப் பற்றி வாய்விட்டுப் பேசியவர்கள் குறைவு.

மின்கார் எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். 2024இல் இங்கே விற்ற புதுக் கார்களில் பத்தில் ஒன்பது அளவு மின்கார். வரிச்சலுகை கிடைத்தது, பக்கத்து வீட்டுக்காரர் வாங்கினார், அதைப் பார்த்து நாங்களும் வாங்கினோம். பனிக்கரடியைப் பார்த்து வாங்கியவரை நான் கண்டதில்லை. ஸ்டோக்னெஸ் நம்புவதும் இந்த அயலவர் வழியைத்தான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்குத் திரை வேண்டாம். எண்பதுகளில் நாட்டின் வடகோடியில் உள்ள பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்த எங்கள் ஐயாமாரையும் அம்மாமாரையும் முன்னுக்கு இருத்துங்கள். அன்றைய குளிரும் பனியும் எப்படி இருந்தன, இப்போது என்ன மாறியிருக்கிறது என்று அவர்கள் சொல்லட்டும். பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும். வீட்டு மின்சாரச் செலவைக் குறைத்த ஒருவர், என்ன செய்தார், எவ்வளவு மிச்சம் பிடித்தார் என்று தன் வாயால் சொல்லட்டும்.

அந்த அம்மாவையும் கூப்பிடுங்கள். அவர் கேள்வியை முதலாவதாக எடுங்கள்.

அன்புடன்,
ஒஸ்லோவிலிருந்து ஒரு பெற்றோர்