கொய்யாவும் ஒரு போட்டோவும்

மாப்ளே,

எட்டு மாசமா ஒரு வரி எழுதவில்லை, நீ திட்டுவதை அங்கே வியாசர்பாடியிலேயே திட்டி முடித்துவிடு. இங்கே மணிப்பூரில், பர்மா எல்லை மோரேயில், வீட்டில் எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி. உன் பர்மா பஜார் அத்தோ நூடுல்ஸ் பெருமையைச் சொன்னேன், "ஆரஞ்சுக் கலர் போட்டா அத்தோவா?" என்கிறாள்.

போன வாரம் இம்பால் போய் நம்ம பழைய ஃபுட்பால் டீம் கோல்கீப்பரை, அந்த மைத்தேயிக்காரனைப் பார்த்தேன். இன்னும் நிவாரண முகாமில்தான். 2023 மே 3 கலவரத்துக்கு அப்புறம் இந்த 110 கிலோமீட்டர் ரோட்டில் மலைக் குக்கி கீழே இறங்க முடியாது, பள்ளத்தாக்கு மைத்தேயி மேலே ஏற முடியாது, நாம் போகலாம். நிறுத்துகிற இடத்திலெல்லாம் ஆதாரைப் பார்க்கிறான், முகத்தைப் பார்க்கிறான், "தமிழா? போ." எல்லைக்கு அந்தப்பக்கம் தமுவில் நம்மை இளக்காரமாகக் 'கலா' என்றதற்கு மண்டையை உடைத்தாயே, இப்போது அந்தக் கறுப்புதான் நமக்குப் பாஸ்.

அவன் கேட்டது ஒன்றுதான்: கொய்யா காய்க்குதா? இங்கே அவன் வீட்டில் கரி பிடித்த சுவர்தான் மிச்சம், மரம் நிற்கிறது. காய்க்குது என்றேன். நாலு பறித்து வரக்கூடாதா என்றான். எனக்குத் தோணவே இல்லைடா.

அவன் மகன் அடிவாரத்தில் பங்கரில் இருக்கிறானாம். நம்ம டீமில் லெஃப்ட் விங் ஆடின குக்கியோட மகன் இங்கே மலைமேல் மணல்மூட்டைக்குப் பின்னால், ஒற்றைக்குழல் துப்பாக்கியோடு, முறை வைத்து ராக்காவல். கலவரத்தில் போலீஸ் கிடங்குகளிலிருந்து போன துப்பாக்கியே ஐயாயிரத்துக்கு மேல், மீதி பட்டறையில் அடித்தது. 2021இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, தமுப் பையன்கள் நாட்டுத் துப்பாக்கியோடு கிளம்பியபோது "அது அவங்க ஊர்ச் சண்டை" என்று டீ குடித்தோமே, நினைவிருக்கா?

சரி, எழுத உட்கார்ந்ததே இதற்குத்தான். என் பையன் அந்த மலைமேல் பங்கருக்குச் சோறு கொண்டுபோகிறான். சின்ன வயசுச் சிநேகம், எப்படித் தடுப்பது? ஆனால் நேற்று அந்தத் துப்பாக்கியைத் தோளில் வைத்துப் போட்டோ எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டான். பத்து நிமிஷத்தில் அழிக்கவைத்தேன். அதற்குள் நாற்பது பேர் பார்த்திருக்கிறார்கள். அது கீழே யார் போனுக்காவது போயிருந்தால் "தமிழா? போ" இனி யாருக்கும் கிடையாது, அம்மா மருந்துக்கும் நான்தான் அந்த ரோட்டில் போகணும். அறைந்துவிட்டேன். "நீங்க மட்டும் ரெண்டு பக்கமும் சிரிச்சுக்கிட்டே இருங்க" என்கிறான்.

பத்தாவது முடித்துவிட்டான். உன் பக்கம் பிளஸ் ஒன் சேர்க்க இடம் பார். தமிழ் பேசுவான், எழுதத் தடுமாறுவான். சாப்பாட்டுக்கு மாசாமாசம் அனுப்பிவிடுவேன். சீக்கிரம் சொல்.