ஒன்றரை மில்லிமீட்டர்

மினியாப்பொலிஸ்
26 அக்டோபர் 2025

அன்புள்ள கயல்,

நீ சொன்னபடி உன் வாட்டர் ஸ்கீயை விற்க விளம்பரம் போட்டேன். இரண்டாம் நாளே ஒருவர் கூப்பிட்டார். விலையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. கேட்டது ஒரே கேள்வி: "ஃபின் நம்பர் என்ன?" திருதிருவென்று விழித்தேன். பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அந்தக் கேள்வியால் வந்ததுதான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பாதி சொல்லும்போதே நீ "பரவாயில்லப்பா, விடுங்க" என்று முடித்துவிடுவாய். எனக்கு முழுதாகச் சொல்ல வேண்டும்.

இங்கே குளிர் வந்துவிட்டது. மின்னடோங்கா ஏரியில் படகுத்துறைகளைக் கழற்றிக் கரையில் அடுக்கிவிட்டார்கள். டிசம்பரில் ஏரி உறைந்தால் அப்புறம் ஏப்ரல் நடுவில்தான் தண்ணீரைப் பார்ப்போம். படகை வழக்கம்போல மெக்கானிக்கிடம் விட்டாயிற்று. எஞ்சினுக்குள் நிற்கும் தண்ணீரை வடிப்பது அவர் பாடு. கராஜில் கிடக்கும் மற்ற சாமான்கள் என் பாடு. இந்த வேலைக்கு அம்மா வைத்திருக்கும் பெயர் உனக்கு ஞாபகம் இருக்கும், ஆயுத பூஜை. நிஜ ஆயுத பூஜை மூன்று வாரத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. இது என் சொந்தப் பூஜை. சுண்டல் கிடையாது.

முதலில், படகு நம்மை இழுக்கும் கயிறு. 23 மீட்டரையும் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டேன். கயிற்றைக் குறுக்கும்போது சிவப்பு என்றால் 18.25 மீட்டர், ஆரஞ்சு 16, மஞ்சள் 14.25 என்று உனக்கே சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது மாதிரிதான், இருந்தாலும் எண்ணிக்கொண்டே அலசுவது எனக்குப் பழகிவிட்டது. கயிற்றைத் தண்ணீர் ஒன்றும் செய்வதில்லை, வெயில்தான் தின்கிறது. கைப்பிடியை ஒட்டிய இடத்தில் இழை பிய்ந்து முடி முடியாக நிற்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுக் கைப்பிடி வாங்கப் போகிறேன். 55 கிலோமீட்டர் வேகத்தில் அது அறுந்தால் முகத்துக்குத்தான் வரும்.

2010ல் ஸீப்ரா மஸல் சிப்பி இந்த ஏரிக்கு வந்ததிலிருந்து எதையும் ஈரமாக இன்னொரு ஏரிக்குக் கொண்டுபோவதில்லை. ஐந்து நாளாவது காயவைக்கச் சொல்கிறார்கள். நான் பத்து நாள் வைக்கிறேன். நகத்தளவு சிப்பிதான், ஆனால் காலைக் கிழிப்பதில் பிளேடு தோற்றுவிடும்.

லைஃப் ஜாக்கெட்டுகளை அகலமான ஹேங்கரில் மாட்டிவிட்டேன். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் உள்ளே இருக்கும் ஃபோம் நசுங்கிவிடும். உன் மஞ்சள் ஜாக்கெட் இப்போது இல்லை. போன வருடம் எலி அதன் வயிற்றைக் கிழித்து உள்ளே குடும்பம் நடத்திவிட்டது. ஆறு குட்டிகள். அம்மா அன்றைக்கு முழுவதும் கராஜ் பக்கமே வரவில்லை.

அப்புறம் பூட்ஸ். ரப்பரையும் நியோப்ரீனையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, உருவம் கெடாமல் இருக்கப் பழைய செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்திருக்கிறேன். லேஸைத் தளர்த்திவிட வேண்டும். இறுக்கியபடி ஆறு மாதம் கிடந்தால் ரப்பர் அப்படியே படிந்துவிடும். முதல் வருடம் நான் செய்த கூத்து நினைவிருக்கிறதா? தலைக்கு நல்லதாக இருப்பது ரப்பருக்கும் நல்லதாகத்தான் இருக்கும் என்று தேங்காய் எண்ணெயைத் தடவி வைத்தேன். வசந்தத்தில் எடுத்தால் ஊறிப்போன அப்பளம் மாதிரி கொழகொழத்துக் கிடந்தது. எண்ணெய் பட்டால் ரப்பர் உப்பிவிடும் என்று அப்புறம்தான் தெரிந்தது. நீ அதைப் போட்டுக்கொண்டு "சட்னி அரைக்கலாம்ப்பா" என்றாய்.

நல்ல வேளையாக அந்த மர ஸ்கீ ஜோடிக்கு எண்ணெய் பிடிக்கும், வார்னிஷ் இன்னும் பிடிக்கும். கராஜ் சேலில் ஐந்து டாலருக்கு நாம் எடுத்தோமே, அதுதான். யாரும் அதில் ஏறப்போவதில்லை. ஆனாலும் வருடா வருடம் 220 நம்பர் தாளால் லேசாகத் தேய்த்து, மெல்லிசாக மூன்று கை வார்னிஷ் கொடுக்கிறேன். ஒவ்வொரு கைக்கும் ஒரு நாள் காய வேண்டும். கராஜ் குளிரில் காயாது என்பதால் பேஸ்மென்ட்டில் வைத்துச் செய்கிறேன், வாசனைக்காக அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். ஒரு எச்சரிக்கை: எப்போதாவது லின்சீட் எண்ணெய் தொட்ட துணி உன்னிடம் இருந்தால் சுருட்டிக் குப்பையில் போடாதே. தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போடு.

அந்த மரத்தைத் தேய்க்கும்போதெல்லாம் லேக் சிட்டிக்கு உன்னைக் கூட்டிப்போனது ஞாபகம் வரும். ஆறாம் வகுப்பு புராஜெக்ட். 1922 ஜூலை 2ம் தேதி, பத்தொன்பது வயது நிறைய ஒரு நாள் இருக்கும்போது, ரால்ஃப் சாமுவேல்சன் என்ற பையன் லேக் பெப்பினில் முதல்முறையாகத் தண்ணீர்மேல் எழுந்து நின்ற கதை. பீப்பாய்ப் பலகையைக் கட்டிப் பார்த்தான், பனி ஸ்கீயைக் கட்டிப் பார்த்தான், எல்லாம் முழுகின. கடைசியில் எட்டடி நீளம், ஒன்பது அங்குல அகலத்தில் இரண்டு பைன் பலகை வாங்கி, நுனியை வளைப்பதற்காக அம்மாவின் செம்பு அண்டாவில் வேகவைத்தான். அதைக் கேட்டதும் உன் அம்மா, "அந்த அம்மா அவனை என்ன திட்டு திட்டினாளோ, அதை யாருமே எழுதி வைக்கலை பாரு" என்றாள். அன்றைக்குப் பலகையைவிட அண்டாவைப் பற்றித்தான் அதிகம் பேசினோம்.

எனக்கு அந்தக் கதையில் பிடித்தது மரம் வளைக்கிற இடம். உன் தாத்தா ஓடாவி. தூத்துக்குடியில் தோணிக்குப் பலகை வளைத்துப் பூட்டிய கை அது. இப்போது அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகளெல்லாம் கரையேறி மராமத்து பார்த்துக்கொள்கின்றன. தாத்தா காலத்தில் அந்த ஆணை இல்லை. கடல் கொந்தளித்தால் மராமத்து, அவ்வளவுதான். பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்துக் கலப்பற்று அடிக்கும் சத்தம் தெரு முழுக்கக் கேட்கும். குங்கிலியத்தை எண்ணெயில் போட்டுக் காய்ச்சும்போது அந்தப் பக்கம் போனாலே கண் எரியும். அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்தப் பலகையைக் கழற்றினாலும் கழற்றுவதற்கு முன் அதன்மேல் ஒரு கோடும் பக்கத்துப் பலகையில் ஒரு கோடும் சுண்ணாம்பால் இழுத்துவிடுவார். பத்து வயதில் நான் அதைப் பார்த்து, ஏன் இந்த வெட்டி வேலை என்று நினைத்திருக்கிறேன்.

சரி, உன் ஸ்கீக்கு வருகிறேன்.

அடிப்பக்கம் மோசமில்லை. இரண்டு கீறல்தான். மரக்கட்டையில் 400 நம்பர் தண்ணீர்த்தாளைச் சுற்றி நீளவாக்கில் மட்டும் தேய்த்தேன். விளிம்பைத் தொடவே இல்லை, அது மழுங்கினால் பலகையின் குணமே மாறிவிடும். வால் பக்கம் ஒரு மயிரிழை வெடிப்பு இருந்தது, அதை எபாக்ஸி விட்டு அடைத்தேன். அப்படியே விட்டால் உள்ளே தண்ணீர் இறங்கும். இந்த ஊர்க் குளிரில் அது பனிக்கட்டியாகி நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருத்து, கார்பன் தகட்டையும் ஃபோமையும் பிரித்துவிடும்.

கடைசியாக ஃபின், வாலுக்கு அடியில் நிற்கும் அந்தச் சின்னத் தகடு. நம்பர் என்றால் என்ன என்று தேடிப் படித்தேன். ஃபின்னின் நீளம், ஆழம், வாலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, அதன்மேல் இருக்கும் குட்டிச் சிறகு எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது. எல்லாவற்றையும் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளக்கிறார்கள். அளக்க ஒரு கேலிப்பர் வாங்கினேன். அப்புறம் ஸ்கீப் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தேன். 2013ல் இதை நாம் வாங்கியதிலிருந்து அதை ஒருநாளும் திறந்ததில்லை. உள்ளே ஒரு அட்டை. பழைய சொந்தக்காரர் பென்சிலால் எழுதியிருந்தார்: நீளம் 6.850, ஆழம் 2.500, வாலிலிருந்து 0.750, சிறகு 9.

அளந்தேன். மற்றதெல்லாம் கிட்டத்தட்ட சரி. ஆழம் 2.440.

மூன்று முறை அளந்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நான்காவது முறையும் அளந்தேன். மாறவில்லை. ஆயிரத்தில் அறுபது, நம் கணக்கில் ஒன்றரை மில்லிமீட்டர். விளம்பரம் பார்த்துக் கூப்பிட்டவரிடமே போன் போட்டு, ஆழம் அவ்வளவு குறைந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "திரும்பும்போது வால் நிற்காது, வழுக்கிக்கொண்டு போய்விடும்" என்றார்.

2015 பிப்ரவரி. உனக்குப் பதினேழாவது பிறந்தநாள் வந்தது. அந்தக் கோடையில் முதல் போட்டிக்குப் போவதாக இருந்தாய். ஸ்கீ புதுசு மாதிரி பளபளக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. மேல்பக்கம் முழுக்கக் கார் மெழுகு போட்டு மினுக்கினேன். அதற்கு நடுவில் ஃபின் மங்கிப்போய் இருந்தது கண்ணை உறுத்தியது. ஸ்க்ரூக்களைத் தளர்த்தி வெளியே எடுத்து, பாலிஷ் போட்டு, முகம் பார்க்கும் அளவுக்குத் தேய்த்துத் திரும்ப மாட்டினேன். அளவு பார்க்கவில்லை. கோடு போடவில்லை. இருந்த இடத்தில்தானே மாட்டுகிறோம் என்று கண்ணாலேயே பார்த்து இறுக்கினேன். நீ பார்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாய்.

முந்தைய வருடம் சிவப்பு அளவுக் கயிற்றில், வளைந்து வளைந்து போக வேண்டிய ஆறு மிதவையும் சுற்றி வந்தவள் நீ. அந்த ஜூனில் இரண்டாவது மிதவையில் விழுந்தாய். மறுபடி விழுந்தாய். ஜூலை முழுக்க விழுந்தாய். எப்போதும் அதே பக்கம் திரும்பும்போது, அதே மாதிரி. முழங்கால் சரியில்லை என்றாய். டாக்டரிடம் காட்டினோம், ஒன்றும் இல்லை என்றார். அப்போது படகில் நான் சொன்னது உனக்கு மறந்திருந்தால் நல்லது. எனக்கு மறக்கவில்லை. "கவனம் ஏரியில இல்ல, போன்ல இருக்கு" என்றேன். வீட்டுக்கு வரும்வரை நீ பேசவில்லை. ஆகஸ்டில் ஸ்கீயைப் பையில் போட்டு ஜிப்பை மூடினாய். நான் வருடா வருடம் துடைத்துத் துடைத்து அதே பையில் வைத்தேன். ஃபின்னைத் திருப்பித் தொடவே இல்லை, அது பளபளப்பாகத்தானே இருந்தது.

நீ பெரிய வீராங்கனை ஆகியிருப்பாய் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. ஒருவேளை செப்டம்பரில் நீயே சலித்துப்போய் விட்டிருக்கலாம். கல்லூரி வந்தது, வேறு நூறு விஷயம் வந்தது. ஆனால் அந்தக் கோடையில் உன் காலில் ஒரு குறையும் இல்லை, உன் கவனத்திலும் இல்லை. குறை அந்த ஸ்க்ரூக்களை இறுக்கிய கையில் இருந்தது. பத்து வருடமாக உன் தலையில் கிடந்த பழி அது. அதை நான் எடுத்துக்கொள்கிறேன். நான் அன்றைக்குச் சொன்ன வார்த்தைக்காக என்னை மன்னித்துவிடு கண்ணு.

இப்போது ஃபின்னை 2.500ல் வைத்து இறுக்கியிருக்கிறேன். இறுக்கிய பிறகும் அளந்தேன், ஏனென்றால் இறுக்கும்போதே கொஞ்சம் நகர்கிறது. நான்கு நம்பரையும் ஒரு டேப்பில் எழுதி மேல்பக்கம் ஒட்டிவிட்டேன். அவசரமில்லை, சனிக்கிழமை வரை காத்திருக்கிறேன் என்று அந்த மனிதர் சொல்லியிருக்கிறார். விற்கச் சொன்னால் விற்றுவிடுகிறேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை. நல்ல ஆளாகத்தான் தெரிகிறார், ஓட்டத் தெரிந்தவர். இல்லை, ஒருமுறை அதில் ஏறிப் பார்க்கலாம் என்று தோன்றினால், மார்ச்சில் நாங்கள் ஆஸ்டின் வரும்போது விமானத்தில் கொண்டுவருகிறேன். லேக் ஆஸ்டின் உன் வீட்டிலிருந்து இருபது நிமிடம் என்று நீதான் சொன்னாய். 66 அங்குலப் பலகைக்குக் கூடுதல் கட்டணம் கேட்பார்கள், கேட்கட்டும்.

எதுவானாலும் ஒன்றை எனக்கு நினைவுபடுத்து. பூட்ஸைக் கழற்றியபோது எடுத்த ஸ்க்ரூக்கள் எட்டும் அம்மாவின் பழைய மாத்திரை டப்பாவில் இருக்கின்றன, மூடியில் 'ஸ்கீ' என்று எழுதியிருக்கிறேன். அதைப் பையோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்
அப்பா

பி.கு.: கேலிப்பர் 22 டாலர். அம்மாவிடம் பத்து என்று சொல்லியிருக்கிறேன். நீ எதுவும் உளறாதே.