கார்ட்ரிட்ஜ் அனுப்புங்கள், ஐயா

மருத்துவக் கருவிகள் கொள்முதலுக்குப் பொறுப்பான உயர் அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள ஓர் அரசு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப்பணி பார்க்கும் செவிலியர் நான். தமனி ரத்தத்தில் அமிலமும் வாயுக்களும் எவ்வளவு என்று அளக்கும் எங்கள் ஏபிஜி மெஷினுக்கு, சோதனைக்குச் செருகும் கார்ட்ரிட்ஜ் தீர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. நான்கு கடிதங்கள் உங்களிடம் இருப்பதால் பழைய கதையை மறுபடி சொல்லவில்லை. போன செவ்வாய் இரவு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் ஓர் அக்கா. விடியும் முன்னே ஜீப் ஏறி, பொழுது சாய்ந்து மலையிறங்குகிறவர். நாலு நாள் வாந்தி, அரை மயக்கம். சர்க்கரை 290தான். மூச்சும் பெரிதாக இரைக்கவில்லை. ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கிறதா என்று டாக்டருக்கு உடனே தெரிய வேண்டும். மெஷின் கட்டிலுக்குப் பத்தடியில் நிற்கிறது. தமனி ரத்தம் எடுத்த சிரிஞ்சை ஐஸில் வைத்து அவர் கணவர் கையில் கொடுத்து ஆட்டோவில் அனுப்பினோம். அறை வெப்பத்தில் அரை மணிக்கு மேல் கிடந்தால் ரத்த அணுக்களே சர்க்கரையை எரித்து லாக்டேட் என்ற அமிலக் கழிவை ஏற்றிவிடும், ரிசல்ட் பொய்யாகிவிடும். முதல் லேப் பூட்டியிருந்தது. இரண்டாவது லேபில் கதவைத் தட்டி ஆளை எழுப்பினாராம். தாள் எங்கள் கைக்கு வர ஒன்றே முக்கால் மணி நேரம். செலவு, அவருடைய இரண்டு நாள் கூலி.

ரத்தத்தின் அமில-கார அளவான பிஎச் 7.38, அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் 22. பார்த்தால் எல்லாம் சரி. ஆனால் டாக்டர் பேனாவை எடுத்தார். சோடியம் 138. அதிலிருந்து குளோரைடு 88-ஐயும் பைகார்பனேட் 22-ஐயும் கழித்தால் 28. சாதாரணமாக 12-ஐ ஒட்டி நிற்க வேண்டிய ஆனயான் இடைவெளி அது; கூடினால் ரத்தத்தில் வேறு அமிலம் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது சேரும் கீட்டோன் அமிலம் பைகார்பனேட்டைக் கரைக்க, நாலு நாள் வாந்தி வயிற்று அமிலத்தை வெளியேற்றி பைகார்பனேட்டை ஏற்றியிருக்கிறது. இரண்டு கோளாறும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நார்மல் மாதிரி நின்றன. அரைப்பட்டினிப் பெண்களுக்கு ஆல்புமின் என்ற ரத்தப் புரதமும் குறைவு. டெசிலிட்டருக்கு 4 கிராமுக்குக் கீழே ஒவ்வொரு கிராமுக்கும் அந்த இடைவெளி 2.5 குறைத்தே தெரியும். அதனால் உண்மையில் 28-க்கும் மேலேயே இருந்திருக்கும்.

இன்சுலின் ஏற்றத் தொடங்கினால் வேலை முடிந்ததா? இல்லை. கூடவே ஏற்றும் உப்புநீரான சலைனில் லிட்டருக்கு 154 மில்லிமோல் குளோரைடு. அது உள்ளே போகப் போக, கீட்டோன் அடங்கிய பிறகும் பைகார்பனேட் தாழ்ந்தே நிற்கலாம். மிச்சமிருப்பது கீட்டோனா, நாங்கள் ஏற்றிய குளோரைடா என்பது திரும்பத் திரும்ப அளந்தால்தான் தெரியும். விடிவதற்குள் அந்த மனிதர் இன்னும் இரண்டு முறை ஓடினார். நான்காவது சிரிஞ்சை நீட்டியபோது, "சிஸ்டர், கையில காசில்ல" என்றார். நாங்கள் மூன்று பேர் போட்டுக் கொடுத்தோம்.

1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, நோயாளிகள் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடின் மொத்த அளவு உயர்ந்ததைக் காரம் கூடியதாகவே முதலில் நினைத்தார்கள். மூச்சுப் போதாமல் வாயு தேங்குகிறது என்று கண்டுகொண்டவர் அங்கிருந்த மயக்க மருந்து டாக்டர் பியோர்ன் இப்சன். பிஎச் அளந்துதான் அதை உறுதிசெய்தார்கள். ஒற்றை எண்ணை நம்பக் கூடாது என்று உலகம் படித்து எழுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நாங்கள் இன்னும் ஆட்டோவுக்குக் காத்திருக்கிறோம்.

திறப்பு விழாவன்று வைத்த சந்தனப் பொட்டு மெஷினில் அப்படியே காய்ந்திருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. செவிலியர் பற்றாக்குறை, பழுது பார்க்க ஆளில்லாமை, இதையெல்லாம் பொறுத்துக்கொண்டுதான் வேலை பார்க்கிறோம். மேலே குமுளி, வண்டிப்பெரியாறு வரைக்கும் இருக்கிற நம் ஜனம் ராத்திரியில் எங்களை நம்பித்தான் மலையிறங்குகிறது. கோட்டயம் கொண்டுபோகச் சொல்லவா அவர்களிடம்?

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். அந்த அக்கா பிழைத்துவிட்டார், ஞாயிற்றுக்கிழமை இட்லி கேட்டார். எங்கள் வேண்டுகோள் பழையதுதான்: கார்ட்ரிட்ஜ் அனுப்புங்கள். தீர்வதற்கு முன்பே அடுத்தது வந்து சேரும்படி ஏற்பாடு செய்யுங்கள். வரும் தேதியைச் சொல்லி ஒரு வரி பதில் போட்டால் போதும். வார்டு ஃபிரிட்ஜில் மேல்தட்டை அதற்காகக் காலியாக வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
இரவுப்பணி செவிலியர் ஒருவர்