கால்வாயில் தண்ணீர் இருந்தது: ஆம்ஸ்டர்டாம்–புடாபெஸ்ட் கப்பல் பயணம் குறித்த புகார்

அனுப்புநர்:
செப்டம்பர் மாதக் குழுவில் வந்த திருச்சித் தம்பதியர்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்,
தலைமை அலுவலகம், சென்னை

பொருள்: 15 நாள் ஆற்றுக்கப்பல் பயணத்தில் மைன்–டானூப் கால்வாய்ப் பகுதியை முழுவதும் விட்டுவிட்டு பஸ்ஸில் கொண்டுபோனது, விளக்கமும் பணமும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நானும் என் கணவரும் கடந்த செப்டம்பரில் உங்கள் நிறுவனம் மூலம் ஆம்ஸ்டர்டாமிலிருந்து புடாபெஸ்டுக்குக் கப்பலில் போனோம். விமானம், விசா எல்லாம் சேர்த்து இருவருக்கும் 9,40,000 ரூபாய் கட்டினோம். அதில் கப்பலுக்கு மட்டும் 7,00,000 என்று உங்கள் ரசீதிலேயே இருக்கிறது. ஊர் திரும்பிய பிறகு நான்கு முறை போனில் பேசினேன், இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன். கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லாததால் இப்போது விவரமாக எழுதுகிறேன். தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

சாப்பாட்டைப் பற்றியோ கேபினைப் பற்றியோ நான் குறை சொல்ல வரவில்லை. சைவச் சாப்பாடு கேட்டிருந்தோம், ஒரு வேளை கூடத் தவறாமல் கொடுத்தார்கள். கொலோன் தேவாலயம், வியன்னா, கடைசி இரவில் புடாபெஸ்டின் விளக்குகள் எல்லாமே நன்றாக இருந்தன. கப்பல் ஊழியர்கள் தங்கமானவர்கள். என் புகார் ஒன்றே ஒன்றுதான். நாங்கள் எதற்காக இந்தப் பயணத்தைத் தேர்ந்தெடுத்தோமோ அதை மட்டும் எங்களுக்குக் காட்டவில்லை. ஏன் காட்டவில்லை என்று உங்கள் ஆட்கள் சொன்ன காரணமும் உண்மையில்லை.

என் கணவர் பொதுப்பணித்துறையில் பாசனப் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து, செயற்பொறியாளராக ஓய்வு பெற்றவர். மதகு, ஷட்டர், கதவணை இவைதான் அவர் உலகம். நதிநீர் இணைப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் காபி ஆறிப்போனது கூடத் தெரியாது அவருக்கு. மைன் ஆற்றையும் டானூப் ஆற்றையும் இணைத்து, 171 கிலோமீட்டர் நீளத்துக்கு, ஒரு மலைமுதுகைத் தாண்டிக் கப்பல் போகும் கால்வாய் ஜெர்மனியில் இருக்கிறது, அதை ஒரு முறை கப்பலிலேயே கடந்து பார்க்க வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. உங்கள் ப்ரோஷரின் நடுப்பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்களே, ‘60க்கும் மேற்பட்ட லாக்குகளைக் கடந்து, கடல்மட்டத்துக்கு மேல் 406 மீட்டர் உயரத்தில் மிதக்கும் அனுபவம்’ என்று. அந்தப் பக்கத்தை வெட்டி டைரியில் வைத்திருந்தார். இந்த வரி இல்லாவிட்டால் நாங்கள் இதே பணத்துக்கு ரயிலில் இன்னும் நான்கு நாடுகள் பார்த்திருப்போம்.

அந்தக் கால்வாயை விற்கிறவர்கள் அது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சில விஷயங்களை எழுதுகிறேன். சார்லமேன் மன்னர் 793ஆம் ஆண்டிலேயே இந்த இரண்டு ஆற்றுப் படுகைகளையும் இணைக்க வெட்ட ஆரம்பித்தார். பிறகு 1846இல் பவேரிய மன்னர் முதலாம் லுட்விக் பெயரில் ஒரு சின்னக் கால்வாய் வந்தது. பெரிய கப்பல் போகக்கூடிய இப்போதைய கால்வாய் முடிந்தது 1992 செப்டம்பரில். பாம்பெர்கில் தொடங்கி 11 லாக்குகளில் படிப்படியாக 175 மீட்டர் மேலே ஏறி, உச்சியைத் தாண்டி, 5 லாக்குகளில் டானூப் கரையிலுள்ள கெல்ஹைமுக்கு இறங்க வேண்டும். லாக் என்றால், நீங்கள் பார்த்திருப்பீர்களோ இல்லையோ, இரண்டு பக்கமும் கதவு வைத்த ஒரு நீண்ட கான்கிரீட் தொட்டி. கப்பலை உள்ளே விட்டுக் கதவை மூடித் தண்ணீர் நிரப்பினால் கப்பல் தானாக மேலே வரும். லேயர்ஸ்டெட்டன், எக்கர்ஸ்ம்யூலன், ஹில்போல்ட்ஸ்டைன் என்ற மூன்று லாக்குகள் ஒவ்வொன்றும் 24.67 மீட்டர் தூக்குபவை. அதாவது 81 அடி. மேட்டூரில் நீர்மட்டம் 81 அடி என்று பேப்பரில் படிக்கிறோமே, அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் ஒரு முழுக் கப்பலைத் தூக்கிக் காட்டும். ஒவ்வொரு முறையும் வெளியேறும் தண்ணீரில் சுமார் 60 சதவீதத்தைப் பக்கத்துத் தொட்டிகளில் பிடித்துவைத்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். என் கணவர் பார்க்க விரும்பியது முக்கியமாக அந்தத் தொட்டிகளைத்தான்.

எனக்கு ஆரம்பத்தில் இதில் பெரிய ஈடுபாடு இல்லை. மைன் ஆற்றில் மாறிவிட்டது. மைன்ஸ் நகரிலிருந்து பாம்பெர்க் வரை 34 லாக்குகள். ஸ்வைன்ஃபுர்ட் தாண்டிய பிறகு ஒரு விடியற்காலையில் கேபின் ஜன்னலைத் திறந்தேன். கைக்கெட்டும் தூரத்தில் சுவர். எங்கள் கப்பலின் அகலம் 11.4 மீட்டர், லாக்கின் அகலம் 12 மீட்டர். பக்கத்துக்கு ஒரு அடி கூட இல்லை. ஈரமான கான்கிரீட், அதில் பாசி, பழைய கிணற்றுக்குள் இருக்கும் அந்தக் குளிர்ந்த வாசனை. மேலே போய்ப் பார்த்தால் ஒரு இளம் மாலுமி சுவர்ப் பொந்துக்குள் இருந்த இரும்புக் கட்டையில் கயிற்றை மாட்டிக்கொண்டு நிற்கிறார். கப்பல் உயர உயர அந்தக் கயிற்றை எடுத்து அடுத்த பொந்தில், பிறகு அதற்கும் மேல் பொந்தில் மாட்டுகிறார். அவசரம் இல்லை, சத்தம் இல்லை. சுவர் மெதுவாகக் கீழே இறங்கிப் போய், முதலில் புல், அப்புறம் ஒரு சைக்கிள், அப்புறம் ஒரு வீட்டுத் தோட்டம் கண்ணுக்குத் தெரிந்தது. என் கணவர் வாட்ச்சைப் பார்த்து நிமிடக் கணக்கைச் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். ‘இது ஆறேழு மீட்டர்தான். கால்வாயில் இதைப் போல மூன்று மடங்கு’ என்றார். அன்றிலிருந்து நானும் அவருக்குச் சமமாகக் காத்திருக்க ஆரம்பித்தேன்.

பாம்பெர்க் வருவதற்கு முந்தின இரவு, ஒன்பதரை மணிக்கு, சாப்பாடு முடிந்து எழுந்திருக்கும் நேரத்தில் உங்கள் டூர் மேனேஜர் மைக்கை எடுத்தார். டானூப்பில் நீர்மட்டம் குறைவு, அதனால் நாளை காலை எல்லோரும் பஸ்ஸில் பாசாவ் நகருக்குப் போகிறோம், அங்கே இதே மாதிரி இன்னொரு கப்பல் நிற்கிறது, காலை ஆறு மணிக்குள் பெட்டிகளைக் கேபின் வாசலில் வைத்துவிடுங்கள் என்றார். கால்வாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் கணவர் எழுந்து போய்க் கேட்டார். ‘ரிவர்ல தண்ணி இல்ல சார், கம்பெனி டிசிஷன்’ என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். எங்களுக்கு அன்று இரவு தூக்கம் இல்லை. எழுபத்தோரு வயது மனிதர் பதினொரு மணிக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பஸ் பாம்பெர்கிலிருந்து நூரெம்பெர்க் நோக்கிப் போனது. ஃபோர்க்ஹைம் ஊரைத் தாண்டியதும் நெடுஞ்சாலையை ஒட்டியே கால்வாய் வருகிறது. உங்கள் அலுவலகத்தில் யாராவது இப்போதே வரைபடத்தில் பார்க்கலாம். கரை வரை தண்ணீர் நிரம்பி நின்றது. ஒரு நீளமான சரக்குக் கப்பல், பாரம் ஏற்றிக்கொண்டு, எங்களுக்குப் பக்கத்திலேயே அதே திசையில் போய்க்கொண்டிருந்தது. என் கணவர் கண்ணாடியில் விரலை வைத்து, ‘தண்ணி இருக்கே’ என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நூரெம்பெர்க் வரும் வரை வெளியிலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் எங்கள் குழுவினர் 22 பேர் இருந்தோம். அந்தக் கப்பலைப் பார்க்காதவர் யாரும் இல்லை.

இப்போது என் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். நீர்மட்டம் குறைந்தால் பயணத்திட்டம் மாறலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, நாங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அதை மறுக்கவில்லை. ஆனால் எங்கே நீர்மட்டம் குறைந்தது? டானூப்பில் ஸ்ட்ராவ்பிங்குக்கும் ஃபில்ஸ்ஹோஃபனுக்கும் நடுவில் சுமார் 70 கிலோமீட்டருக்கு அணையோ லாக்கோ கிடையாது. மழை குறைந்தால் அந்த இடத்தில் ஆழம் போய்விடும், பயணிகள் கப்பல் தரை தட்டும். இது உங்கள் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கால்வாய் அப்படியா? அது மழையை நம்பி ஓடும் ஆறு இல்லை. டானூப் பக்கத்து ஐந்து லாக்குகளிலும் பம்ப் வைத்து, அந்தப் பக்கத்துத் தண்ணீரை உச்சிக்கு ஏற்றி, வறண்ட மைன் பக்கத்துக்குக் கொடுக்கிறார்கள். கோடையிலும் மட்டத்தை ஒரே அளவில் வைத்திருப்பதற்காகவே கட்டியது. டானூப்பில் அந்த இடத்தில் ஆழம் இல்லை என்றால், எங்கள் கப்பல் பாம்பெர்கிலிருந்து கால்வாய் வழியாக கெல்ஹைமுக்கு வந்து, அந்த இடத்துக்கு முன்னாலேயே இருக்கும் ரேகன்ஸ்பர்க் வரை போயிருக்கலாம். அங்கிருந்து பாசாவுக்கு பஸ் வைத்திருந்தால் நாங்கள் சந்தோஷமாக ஏறியிருப்போம். ரேகன்ஸ்பர்க்–பாசாவ் பகுதி போனதற்காக ஒரு ரூபாய் கூட நாங்கள் கேட்கவில்லை. நீர்மட்டம் உங்கள் கையில் இல்லை. கால்வாயின் முதல் லாக்குக்குச் சில கிலோமீட்டர் முன்னால் கப்பலைத் திருப்பியது யாருடைய முடிவு, என்ன காரணத்துக்காக என்பதுதான் எங்கள் கேள்வி.

அடுத்தது, எங்களுக்குச் சொன்ன நேரம். பாசாவிலிருந்து எங்கள் கப்பலுக்கு மாற வந்தவர்களை நூரெம்பெர்கில் மதியச் சாப்பாட்டு இடத்தில் பார்த்தோம். அவர்களுக்கு நான்கு நாட்களுக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். நாங்கள் அப்போது ரைன் ஆற்றில் இருந்தோம். அன்றே எங்களிடம் சொல்லியிருந்தால் நூரெம்பெர்கில் இறங்கி, சொந்தச் செலவில் கார் எடுத்து ஹில்போல்ட்ஸ்டைன் லாக்கைக் கரையில் நின்றாவது பார்த்துவிட்டு, ரயிலில் பாசாவ் வந்து சேர்ந்திருப்போம். உச்சியில் இரண்டு படுகைகளும் பிரியும் இடத்தில் ஒரு கான்கிரீட் நினைவுச்சின்னம் இருக்கிறது. அதன் முன்னால் நின்று என் கணவரை ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். இதற்குப் பதிலாக, பாசாவில் கரையில் கட்டிவைத்த கப்பலில் இரண்டு இரவு சும்மா இருந்தோம். அந்த இரண்டு நாள் லாக்குகளுக்கு எவ்வளவோ தாராளமாகப் போதும்.

உங்கள் அலுவலகத்தின் பதிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘எல்லா ஊரும் பார்த்துட்டீங்களே மேடம், எதுவும் மிஸ் ஆகலையே’ என்றார் போனில் பேசிய பெண். அவர் மீது எனக்குக் கோபமில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். ஊர் பார்க்க பஸ் போதும், அதற்குப் பாதி பணம் போதும். பிறகு, அடுத்த பயணத்துக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி கூப்பன் ஒன்று மின்னஞ்சலில் வந்தது. அதை ஏற்க மாட்டோம். என் கணவருக்கு முழங்காலில் பிரச்சினை. இன்னொரு முறை இவ்வளவு தூரம் போவது நடக்கிற காரியம் இல்லை.

எனவே, பாம்பெர்கில் கப்பலை மாற்றியதற்கான காரணத்தை, முடிவெடுத்த தேதியோடு எழுத்தில் தர வேண்டும். பறிபோன இரண்டு கால்வாய் இரவுகளுக்கான 1,00,000 ரூபாயை (14 இரவுக்கு 7,00,000 என்ற உங்கள் கணக்கின்படியே) எங்கள் வங்கிக் கணக்கில் திருப்பித் தர வேண்டும். இனி இந்தப் பயணத்தை விற்கும்போது, கால்வாய்ப் பகுதி பஸ்ஸாக மாறலாம் என்பதையும் அந்த 406 மீட்டர் வரிக்குப் பக்கத்திலேயே அதே அளவு எழுத்தில் போட வேண்டும். கடைசிக் கோரிக்கை எங்களுக்காக இல்லை, அடுத்துப் போகிறவர்களுக்காக.

இந்தக் கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு செய்வோம். நாங்கள் வசிக்கும் திருச்சியிலேயே தாக்கல் செய்ய அந்தச் சட்டம் இடம் தருகிறது. ப்ரோஷரின் அந்தப் பக்கம், ரசீது, பஸ்ஸிலிருந்து என் போனில் எடுத்த சரக்குக் கப்பல் வீடியோ, மூன்றின் நகலையும் இத்துடன் இணைத்துள்ளேன். என் கணவரின் நோட்டில் மைன் ஆற்றின் 34 லாக்குகளும் வரிசையாக இருக்கின்றன. அதற்கடுத்த பக்கத்தில் கால்வாயின் 16 லாக்குகளின் பெயர்களையும் முன்கூட்டியே எழுதி, நேரத்துக்கு இடம் விட்டிருந்தார். அந்தப் பக்கத்தின் நகலும் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்,
திருச்சி