ஒரு வரியை இடம் மாற்றித் தாருங்கள்

பொதுக் கூறுகள் குழுவினருக்கு,

வணக்கம். நேற்று மாலை முன்முனைக் குழுக்கள் எல்லாவற்றுக்கும் நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலைப் படித்தேன். 'ரியாக்டிவ் புரோகிராமிங் அடிப்படைகள்' என்ற நான்கு மணி நேரப் பயிற்சியை எல்லாரும் இம்மாத இறுதிக்குள் முடிக்க வேண்டுமாம். திங்கட்கிழமை காலை ஆர்டர் பக்கம் காலியாகத் திறந்ததற்கு 'அப்சர்வபிள் பற்றிய புரிதல் குறைவு' காரணமாம் (அப்சர்வபிள் என்றால் நேரப்போக்கில் ஒவ்வொன்றாக வரும் தரவுகளின் ஓடை). பின்கதை உங்களுக்குத் தெரியாததல்ல. இதன் மூல காரணத்தைச் சரிசெய்யக் கேட்டு நாங்கள் போட்ட டிக்கெட் எட்டு மாதமாக உங்கள் வரிசையில்தான் கிடக்கிறது. அதனால் சுற்றி வளைக்காமல் கேட்கிறேன்: உங்கள் லைப்ரரிக்கு என்னென்ன தேவை என்று சொல்லும் பேக்கேஜ் ஜேசன் கோப்பில், அப்சர்வபிளைத் தரும் ஆர்எக்ஸ்ஜேஎஸ் என்ற வரியை டிபென்டென்சீஸ் (லைப்ரரி தன்னோடு கொண்டுவருபவை) பகுதியிலிருந்து எடுத்து பியர் டிபென்டென்சீஸ் (பயன்படுத்துகிறவரிடம் ஏற்கெனவே இருக்க வேண்டியவை) பகுதியில் போடுங்கள்.

எங்கள் குழுவில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறார். கல்லூரி முடித்து நேராக வந்தவர். உங்கள் தேடல் பெட்டியை ஆர்டர் பக்கத்தில் பொருத்துவதுதான் நான் அவருக்குக் கொடுத்த முதல் வேலை. லைப்ரரிகளை இறக்கித் தரும் என்பிஎம் கருவியில் இன்ஸ்டால் அடித்தார். ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் முடிந்தது. அப்புறம் பில்ட் ஓட்டினார். திரை முழுக்கச் சிவப்பு. அத்தனை வரிகளையும் வடிகட்டினால், கோடில் வகைகள் பொருந்துகின்றனவா என்று சோதிக்கும் டைப்ஸ்கிரிப்ட் சொன்னது இவ்வளவுதான்: அப்சர்வபிளை அப்சர்வபிளாக ஏற்க முடியாது. இந்தப் பக்கமும் அதே பெயர், அந்தப் பக்கமும் அதே பெயர். கடைசி வரியில், கீழ்க்கோட்டில் தொடங்கும் 'இஸ்ஸ்கேலர்' என்ற ஒன்றைக் காணவில்லை என்று புகார் வேறு.

அந்த இஸ்ஸ்கேலரைத் தேடி ஒரு மதியம் முழுக்கப் போனது. ஆவணங்களில் அது எப்படிக் கிடைக்கும்? ஆர்எக்ஸ்ஜேஎஸ் ஆறாம் பதிப்பின் உள்ளுறுப்பு அது, ஏழில் எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் தயங்கித் தயங்கி என் இருக்கைக்கு வந்தார். கையில் ஒரு நோட்டு. ஸ்விட்ச்மேப்புக்கும் மெர்ஜ்மேப்புக்கும் என்ன வித்தியாசம், சப்ஸ்கிரைப் செய்யும் முன் ஏன் எதுவும் நடப்பதில்லை என்று நாலு பக்கத்துக்குக் குறிப்பு. ஓரத்தில் பென்சிலால் வட்டம் வட்டமாக, தரவு வரும் வரிசையைக் காட்டும் மார்பிள் படங்கள். "நான் எங்கே தப்பு பண்றேன்னு தெரியல சார்" என்றார். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. எந்தெந்தப் பதிப்பு இறங்கியிருக்கிறது என்று காட்டும் என்பிஎம் எல்எஸ் கட்டளையை அடித்து ஆர்எக்ஸ்ஜேஎஸ் பெயரைக் கொடுத்தேன். மேலே எங்கள் 7.8.1. கீழே, உங்கள் லைப்ரரியின் பெயருக்கு அடியில் ஒதுங்கி நின்றது 6.6.7.

விருந்துக்கு வருகிறவர் தன் அடுப்பையும் தூக்கிக்கொண்டு வந்தால் எப்படி இருக்கும்? எங்கள் வீட்டில் அடுப்பு இருக்கிறது. டிபென்டென்சீஸில் 6.6.7 என்று இறுக்கிக் கட்டியிருப்பதால் என்பிஎம் உங்களுக்கென்று தனியாக ஒரு நகலை இறக்கி வைக்கிறது. பெயர் ஒன்றானாலும் அந்த நகலின் அப்சர்வபிளும் எங்களுடையதும் வேறு வேறு வகை. டைப்ஸ்கிரிப்ட் மறுத்ததில் நியாயம் இருக்கிறது. டெஸ்ட் எழுதப் போனால் இன்னொரு வேடிக்கை: எங்கள் டெஸ்ட் ஷெட்யூலர் ஓட்டும் பொய்க் கடிகாரம் உங்கள் தேடல் பெட்டிக்குள், தட்டச்சு ஓயும்வரை காத்திருக்கும் டிபவுன்ஸ்டைமுக்குக் கேட்பதே இல்லை.

ரிலீஸ் நாள் நெருங்கியது. அந்த இடத்தில் வகைச் சோதனையை நிறுத்திவிடும் 'ஆஸ் எனி' போடச் சொன்னது நான்தான். அந்தப் பழியை ஏற்கிறேன். போன வெள்ளிக்கிழமை எங்கள் குழுவிலேயே ஒருவர், வெறும் பட்டியலை அனுப்பிக்கொண்டிருந்த சேவையைப் பக்க எண்ணும் சேர்ந்த ஆப்ஜெக்டாக மாற்றினார். வகைச் சோதனை உயிரோடு இருந்திருந்தால் அங்கேயே கத்தியிருக்கும். வாயை நாங்கள்தான் கட்டிவிட்டோமே. திங்கட்கிழமை பக்கம் காலி. உங்கள் அறிக்கையில் 'எனி'க்கு இரண்டு பத்தி ஒதுக்கியிருக்கிறீர்கள். இரண்டு நகல் இருப்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மாற்ற முடியாததற்கு நீங்கள் சொன்ன காரணம் நினைவிருக்கிறது: ஏழுக்குப் போனால், அப்சர்வபிளை ஒரே விடை தரும் பிராமிஸாக மாற்றும் டூபிராமிஸ் போய்விடும். போகாது. ஏழில் அதைக் கைவிடப்போவதாக அறிவித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இன்னும் வேலை செய்கிறது. மாற்றாக ஃபர்ஸ்ட்வேல்யூஃப்ரம், லாஸ்ட்வேல்யூஃப்ரம் என்று இரண்டைக் கொடுத்தும் இருக்கிறார்கள். உங்கள் கோடில் தேடிப் பார்த்தேன், பதினோரு இடம். 2018இல் ஐந்திலிருந்து ஆறுக்குத் தாவியபோது பட்ட பாட்டை நானும் மறக்கவில்லை. புள்ளி வைத்துக் கோத்ததையெல்லாம் பைப்புக்குள் போட்டு, டூ என்பதை டேப் என்றும் கேட்ச் என்பதைக் கேட்ச்எரர் என்றும் ராத்திரி ராத்திரியாக மாற்றினோம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராதுதான். ஆனால் ஏழாம் பதிப்பு வந்ததே 2021இல். இன்னும் எத்தனை காலத்துக்கு இந்தப் பயம்?

பயிற்சியை நான் நேற்று இரவே முடித்துவிட்டேன். சான்றிதழும் வந்துவிட்டது. கோல்ட் அப்சர்வபிள் என்றால் யாராவது சப்ஸ்கிரைப் செய்யும்வரை அசையாமல் கிடப்பது என்று அழகாக விளக்கியிருந்தீர்கள். எங்கள் டிக்கெட்டின் நிலைமை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காலாண்டுக் கூட்டத்தில் 'ரியாக்டிவ் கலாசாரம்' என்று அரை மணி நேரம் பேசினீர்களே, ஒரு டிக்கெட்டுக்கு எட்டு மாதத்தில் ஒரு ரியாக்‌ஷன் காட்ட முடியாதா? போன வருடம் பொத்தான்களின் மூலை எவ்வளவு வளைய வேண்டும் என்பதற்கு மூன்று கூட்டம் நடந்தது. மூன்றிலும் நான் இருந்தேன்.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். நான் கேட்பது அந்த ஒரு வரியைத்தான். பியர் டிபென்டென்சீஸுக்கு மாற்றி, ஆறின் 6.5.3 முதலும் ஏழின் 7.4.0 முதலும் ஏற்கும்படி விரித்து எழுதுங்கள். வலைப்பக்கங்கள் கட்டும் ஃபிரேம்வொர்க்கான ஆங்குலர் 13 தன் கோப்பில் வைத்த வரம்பும் அதுதான். மாற்றத்தை எழுதி அனுப்பியே ஆறு வாரமாகிறது, மதிப்பாய்வுக்குக் காத்திருக்கிறது. அந்தப் பதினோரு டூபிராமிஸையும் அதிலேயே மாற்றிவிட்டேன். உங்களில் ஒருவர் தயவுசெய்து அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். வியாழன் மதியம் எனக்கு வேலை இல்லை, லேப்டாப்போடு உங்கள் மாடிக்கே வருகிறேன். அந்தப் பெண்ணும் வருவார். இன்ஸ்டால் செய்து, என்பிஎம் எல்எஸ்ஸில் ஒரே ஒரு நகல் வருவதை அவரும் ஒருமுறை பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஆர்டர் பக்கக் குழுவிலிருந்து ஒருவன்