ஜிடிஓ-வை முடித்தது எண்ணெய் நெருக்கடி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் அமெரிக்க 'மஸில் கார்'கள் (நடுத்தர அளவு உடலில் பெரிய, சக்திவாய்ந்த எஞ்சின் வைத்த கார்கள்) பற்றிய கட்டுரையை ஆவலோடு படித்தேன். ஜெனரல் மோட்டார்ஸின் பான்டியாக் பிரிவு தந்த ஜிடிஓ கார் பிறந்த கதையைக் கட்டுரையாளர் நன்றாகச் சொல்லியிருந்தார். நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் கூடாது என்பது ஜெனரல் மோட்டார்ஸ் மேலிடத்தின் விதி. பான்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடைய குழுவினரும் பெரிய காரின் 389 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினை பான்டியாக்கின் நடுத்தரக் காரான டெம்பஸ்டில் இறக்கி, தனி மாடல் என்று காட்டாமல் 'கூடுதல் வசதி' என்ற கணக்கில் 1964-இல் விற்றார்கள். அந்தச் சாமர்த்தியம் எத்தனை முறை படித்தாலும் அலுக்காது. 5,000 கார் போகும் என்று போட்ட கணக்கு; முதல் ஆண்டே 32,450 போனது.

ஆனால் '1973 எண்ணெய் நெருக்கடி ஒரே அடியில் இந்தக் கார்களை ஒழித்தது' என்ற வரியை என்னால் ஏற்க முடியவில்லை. ஜிடிஓ-வின் விற்பனையையே பாருங்கள். 1966-இல் 96,946, 1970-இல் 40,149, 1971-இல் 10,532, 1972-இல் 5,807. அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெயை நிறுத்தியது 1973 அக்டோபரில். அதற்குள் இந்தக் கார் படுத்துவிட்டது.

முதல் காரணம் இன்சூரன்ஸ். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். அவர்களுக்கு பிரீமியத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள். அப்புறம் 1970-இல் காற்று மாசுச் சட்டம் வந்தது. ஈயம் கலக்காத பெட்ரோலுக்குத் தயாராக வேண்டும் என்று 1971 மாடலிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் கம்ப்ரஷன் ரேஷியோவை (சிலிண்டருக்குள் எரிபொருள் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்ற அளவு) இறக்கியது. அது இறங்கினால் சக்தியும் குறையும். ஜிடிஓ-வின் 400 கன அங்குல எஞ்சினில் 10.25 இருந்தது 8.2 ஆனது. ஈயத்தின் கெடுதல் தெரிந்த யாரும் அந்த முடிவைக் குறை சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே எஞ்சினுக்கு 1971-இல் 300 குதிரைத்திறன் என்றும் 1972-இல் 250 என்றும் போட்டிருப்பதைப் பார்த்து, ஒரே ஆண்டில் சக்தி சரிந்ததாகப் பலர் எழுதுகிறார்கள். மாறியது பெரும்பாலும் அளக்கும் முறைதான். பாலிடெக்னிக்கில் எஞ்சின் லேப் நடத்தியவன் என்பதால் இது எனக்கு முக்கியம். முன்பெல்லாம் எஞ்சினை மட்டும் டைனமோமீட்டரில் (சக்தியை அளக்கும் கருவி) பூட்டி, ஃபேன், ஏர் ஃபில்டர், காரில் வரும் சைலன்சர் எதுவும் இல்லாமல் ஓட்டி அளப்பார்கள். அப்படி ஓட்டினால் எந்த எஞ்சினும் கூடுதலாகத்தான் காட்டும். 1972-இலிருந்து காரில் இருக்கிறபடியே எல்லாவற்றையும் மாட்டி அளந்தார்கள். புதிய முறையில் அளந்தால் அந்த 1971 எஞ்சினுக்கே 255தான்.

ஆகவே 1964 ஜிடிஓ-வின் 348 குதிரைத்திறனை இன்றைய கார்களின் எண்ணோடு அருகருகே வைத்த உங்கள் பெட்டிச் செய்தி பொருந்தாது. மூன்று கார்புரேட்டர் வைத்த அந்த எஞ்சினும் பழைய முறையில் அளந்ததே. தயவுசெய்து திருத்தம் வெளியிடுங்கள். அப்படியே பிரேக்குக்கும் ஒரு வரி சேர்க்கலாம்: அத்தனை வேகக் காருக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான்; முன்சக்கர டிஸ்க் பிரேக் 1967-இல்தான் வந்தது, அதுவும் தனியாகக் காசு கொடுத்தவர்களுக்கு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆட்டோமொபைல் விரிவுரையாளர்,
கோயம்புத்தூர்